சுடாத விளக்குகளும் அக்காவின் பிரேக்கும்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றார் மாமா. "அவகிட்ட அதிகமா சண்ட போட்டவன் நீதான். நீயே எழுது" என்பது அவர் சொன்ன காரணம். என்னால் மறுக்க முடியவில்லை.

அக்கா பிறந்தது சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரைக் கிராமம் ஒன்றில். அம்மா சீக்கிரமே தவறிவிட்டதால் என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது அக்காதான். அதற்காகவே பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டார். மினி லாரி டிரைவரான மாமாவை மணந்து விருத்தாசலம் வந்தார். சர்க்கரை நோயில் மாமாவின் பார்வை மங்கியபோது இரண்டு பெண் பிள்ளைகளும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வண்டி ஓட்டப் பழகப் போனார். உறவில் சிலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அக்கா முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினார். எனக்கு மூன்று தடவை ஆனது.

அப்போது நான் பெண்ணாடம் ரோட்டில் அகல் விளக்குப் பட்டறை வைத்திருந்தேன். என் லோடு வண்டியை ஓட்ட அக்கா வந்தார். எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் மண்கூழை அச்சில் வார்த்துக் காயவைத்த விளக்குகளை ஊரின் மறுகோடியில் இருக்கும் சூளைக்குக் கொண்டுபோய்த்தான் சுட வேண்டும். சுடாத விளக்கு அப்பளம் மாதிரி. திடீரென்று ஒரு பிரேக் போட்டால் போதும், பாதி லோடு நொறுங்கிவிடும். அந்த லோடோடுதான் பஸ், ஆட்டோ, கரும்பு டிராக்டர் எல்லாவற்றுக்கும் நடுவே தினமும் ஊரைக் கடந்தார் அக்கா. முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் எப்போதும் தாராளமாக இடம் விடுவார். அந்த இடத்தில் யாராவது புகுந்தால் மறுபடி இடம் விடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஆரன் அடிக்கா! எல்லாரும் உன்ன ஏமாத்திட்டுப் போறானுங்க!"

"போவட்டும்டா. அவனுக்கு என்னா அவசரமோ" என்பார். வண்டிகள் அசையாமல் நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டு வேர்க்கடலை உரிப்பார்.

ஒரு கார்த்திகை சீசனில், பல பட்டறைகள் முறைவைத்துச் சுடும் அந்தச் சூளையில் எங்கள் முறை வந்தது. அதைத் தவறவிட்டால் தீபத்துக்கு முன் வேறு முறை கிடைக்காது. இரண்டு மாத உழைப்பு முழுவதும் வண்டியில் இருந்தது. பாதி வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று பாதி ரோட்டை அடைத்து மாட்டிக்கொள்ள, முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கின. சற்று நேரத்தில் பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அது தாண்டிப் போக வேண்டுமானால் எங்கள் வண்டி ரோட்டோரப் பள்ளத்தில் இறங்க வேண்டும்.

"இறங்காதக்கா, எல்லாம் போயிடும்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டீயரிங்கை ஒடித்து இறக்கினார். பின்னால் விளக்குகள் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆம்புலன்ஸ் கடந்து போனது. அதில் இருந்தது யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

பட்டறைக்குத் திரும்பியதும் ஆட்கள் எல்லோர் முன்னிலையிலும் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அக்கா பொறுமையாகச் சொன்னார்:

"சுடாததுதானடா. தண்ணில ஊறப் போட்டா மறுபடி மண்ணாயிடும், திரும்ப வார்த்துக்கலாம். உள்ள கெடந்த ஆள அப்புடிப் பண்ண முடியுமா?"

"இனிமே என் வண்டியத் தொடாத" என்றேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார். என்னை வளர்த்தவரிடம் நான் சொன்ன வார்த்தை அது.

தீபம் கழிந்து வந்த அடுத்த முறைக்கு லோடை நானே ஓட்டினேன். பாலக்கரையில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. ஓங்கி பிரேக் அடித்தேன், இறங்கிப் போய்ச் சண்டையும் போட்டேன். சூளையில் வண்டியின் பின்கதவைத் திறந்தால் உள்ளே முழு விளக்கு என்று சொல்ல ஒன்றுமில்லை. "அண்ணே, இன்னிக்கு எந்த ஆம்புலன்ஸுக்கு வழி வுட்டீங்க?" என்று கேட்டார் சூளைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே சாவியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அக்காவும் அதை எதிர்பார்க்கவில்லை. "சாப்புட்டியா?" என்றார். சோறு போட்டபின், "காலைல எத்தினி மணிக்கு லோடு?" என்றார். அதன்பிறகு பதினாறு வருடம் ஓட்டினார். யார் மேலும் இடித்ததில்லை, யாரிடமும் வசவுக்கு வசவு கொடுத்ததில்லை. இரண்டு பெண்களும் அந்த ஸ்டீயரிங்கில்தான் பட்டதாரிகள் ஆனார்கள். அப்படிப்பட்டவருக்குத் தம்பி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அளவில்லாத பெருமை.

மார்பில் வந்த நோய் எட்டு மாதத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்நாட்களில் உடனிருந்து கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதி ஊர்வலத்தில் ஒரு ஹாரன்கூட அடிக்காமல் வரிசையாகப் பின்வந்த லோடு வண்டி டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். போன வாரம் ஜங்ஷன் ரோட்டில் பின்னால் வந்தவர் பொறுமையிழந்து, பக்கவாட்டில் வந்து கண்ணாடியை இறக்கி, "யோவ், வண்டி ஓட்டுறியா, தேர் இழுக்குறியா?" என்று கத்தினார். பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பிறகு, கையைக் காட்டி அவரை முன்னால் போகச் சொன்னேன்.