திரைக்குப் பொய் சொல்பவர்

மோகன்குமார் காருக்குள் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் டச் திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் இடுக்கில் பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு நெம்புவார். கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடும் சத்தம்தான் அவருக்கு வழிகாட்டி. "காது பாத்துக்குமுங்க, கண்ணு எதுக்கு?" என்பார்.

திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில் அவருடைய எலக்ட்ரிக்கல் கடை. புதுக் கார்கள் சிலவற்றில் வண்டி நகர ஆரம்பித்ததும் திரையில் ஊர்ப் பெயரைத் தட்டி வழி தேட முடியாது, படமும் ஓடாது. மோகன்குமார் திரைக்குப் பின்னால் ஒயர்களுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு டப்பியைக் கோத்துவிடுவார். வண்டி நூறில் பறந்தாலும் நின்றுகொண்டிருப்பதாக அது திரையிடம் சொல்லும். மட்டமான டப்பி என்றால் மேப்பும் அதை நம்பிவிடும். ஈரோடு போய்ச் சேர்ந்த பிறகும் அம்புக்குறி திருச்செங்கோட்டைவிட்டு நகராது. இதைச் சொல்லிச் சொல்லி அவரே வயிறு குலுங்கச் சிரிப்பார். அவரிடம் இருப்பதென்னவோ பழைய மொபெட்தான்.

கேட்காமல் எந்த வண்டியிலும் மாட்டமாட்டார். "ஏனுங்க, தொடப்போறது ஓட்டறவங்களா, பக்கத்துல உக்கார்றவங்களா?" பக்கத்தில் இருப்பவர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் நம்பிவிடுவார்.

போர்வெல் முதலாளி கந்தப்பனும் அப்படித்தான் சொன்னார், மனைவி பார்த்துக்கொள்வாள் என்று. அவருடைய நான்கு ரிக்குகளின் ஒயரிங் வேலையும் மோகன்குமாருக்குத்தான் வரும். மூன்று மாதம் கழித்துக் காரோடு மறுபடி வந்தார். புதுச்சத்திரம் பக்கத்தில் சாலையின் நடுச்சுவரில் மோதியிருக்கிறார். பம்பர் மாற்றியாகிவிட்டது, திரை மட்டும் விட்டுவிட்டு அணைகிறது.

"மேட்ச்சுல கடைசி ஓவரு மோகனு. ஒரே ஒரு நொடி திரும்பிப் பாத்தேன், அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

பின்சீட்டில் அவருடைய ஏழு வயது மகள் கிருத்திகா. புருவத்துக்கு மேலே தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"வலிக்குதா சாமி?"

"இப்ப இல்லீங்க மாமா. அன்னிக்குத்தான் நெம்ப வலிச்சுது."

மோகன்குமார் திரையின் சட்டத்தை நெம்பித் திறந்தார். தளர்ந்திருந்த இணைப்பை இறுக்கினார். டப்பியை உருவி வெளியே எடுத்தார்.

"அதை எதுக்குக் கழட்டற? நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு?"

"அது நல்லாத்தானுங்ணா ஓடுது. நாந்தான் மாட்டியிருக்கக் கூடாது."

"நீ இல்லீன்னா ஈரோட்டுல ஆளில்லையா?"

"இருக்காங்கண்ணா. எங்கையில வேண்டாம்."

கந்தப்பனின் முகம் கடுத்தது. "அப்ப ரிக்கு வேலையையும் அவனுங்களே பாத்துக்கட்டும்" என்று ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டார்.

ஒரு வார்த்தை கெஞ்சினால் போதும், நான்கு ரிக்கும் கையைவிட்டுப் போகாது. மோகன்குமார் ஓட்டுநர் பக்கம் போகவில்லை. பின்கதவைத் திறந்து குனிந்தார். கிருத்திகாவின் தோளுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டி, இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.