பாக்கியமக்காவின் மிதி

கொக்குவிலில் புதிதாக ஒரு கோப்பிக் கடை. வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற மருமகன் இழுத்துக்கொண்டு போனார். அப்படியான இடங்களில் விலையைக் கேட்டு விழுந்துவிடுவேனோ என்று எனக்கு எப்போதும் பயம். பதற்றத்தில் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன். பெருவிரலில் குண்டு குண்டாக ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால், கண்ணாடிப் பலகைக்குக் கீழே பழைய தையல் மெசினின் இரும்புக் கால்கள். நடுவில், காலால் மிதிக்கிற அந்தப் பூவேலைத் தட்டில், என்ரை கைவேலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகன் தன் கோப்பிக்குள் ஏதோ கிடக்கிறதாக்கும் என்று எட்டிப் பார்த்தார்.

சண்டை நடந்து, ஊரில் கரண்ட் இல்லாத காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மோட்டர் வைத்த மெசின்கள் எல்லாம் துணி போர்த்திப் படுத்துவிட, மிதிக்கிற கிழட்டு மெசின்களுக்கு ராசயோகம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சுன்னாகத்தில் துரையண்ணையின் பட்டறையில் வேலைக்கு நின்றேன். ஒருநாள் தையல்காரி பாக்கியமக்கா உரப்பையைச் சுமந்துகொண்டு வந்தா. உள்ளே, வண்டிலிலிருந்து விழுந்து இரண்டாகப் பிளந்த மெசின் மிதி, காலால் மிதிக்கிற அந்தத் தட்டு.

"தம்பி, நாளையிண்டைக்கு என்ரை தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம். கூறைச்சட்டை வெட்டினபடி தைக்காமல் கிடக்கு. பொம்பிளை என்னத்தைப் போட்டுக்கொண்டு மணவறையிலை இருக்கிறது?"

வார்ப்பிரும்பு ஒரு பிடிவாதக்காரன். வளைய மாட்டான், உடைந்துதான் போவான். வெல்டிங் வைத்து ஒட்டலாமென்றால் கரண்ட் இல்லை. பழைய மண்வெட்டியில் தகடு வெட்டி, கையால் சுற்றும் துறப்பணத்தால் துளை போட்டு, குண்டுத் தலைச் சைக்கிள் ஆணிகளால் பூட்டினேன். துளை போடும்போது வெடித்துவிடுமோ என்று பயம். பூட்டி முடித்ததும் ஒரு தகடு போதுமோ என்று பயம். இன்னொன்று வைத்தேன். அதற்குக் குறுக்கே மற்றொன்று.

"உது மிதியோ, டாங்கியோ?" என்றார் துரையண்ணை. பிறகு இரண்டு கல்லுக்கு மேலே மிதியை வைத்து, தன் முழுத் தொந்தியோடும் ஏறிக் குதித்தார். நான் கண்ணை மூடி நல்லூரானுக்குக் கற்பூரம் நேர்ந்தேன். கல்லுத்தான் உடைந்தது.

அடுத்தநாள் பாக்கியமக்கா நொண்டிக்கொண்டு வந்தா. "மிதி நல்லாத்தான் இருக்குத் தம்பி. என்ரை பெருவிரல்தான் போயிட்டுது." கடைசியில் மகனின் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு தைத்து முடித்தாவாம்.

கலியாணவீட்டில் நான் பந்திப் பக்கமே போகவில்லை. அந்த மிதியில் தைத்த தையல் பிரிந்துவிடுமோ என்று பொம்பிளையின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். துரையண்ணை காதுக்குள் சொன்னார்: "டேய், மற்றவன்ரை பொம்பிளையை உப்பிடிப் பாராதை. மாப்பிள்ளை உன்னைத்தான் பாக்கிறான்." தாலி ஏறியது. தையல் பிரியவில்லை. பிறகு நான் பாயசத்தை வாங்கி வாங்கிக் குடித்தேன்.

கோப்பிக் கடையில் கால் தன்பாட்டில் மிதிக்கத் தொடங்கிவிட்டது. மேசை ஆட, கோப்பி தளும்ப, பரிமாறுகிற பிள்ளை ஓடி வந்தாள்.

"ஐயா, காலை ஆட்டாதேங்கோ, ஊத்துப்படப் போகுது."

"இதுக்கு மேலை இருந்த மெசின் எங்கை பிள்ளை?"

"மெசினோ? இது மேசை எல்லோ ஐயா."

ஓம் என்றேன். மறுபடி குனிந்து பார்த்தேன். மெசினைச் சுற்றும் சில்லு இல்லை, தோல் வார் இல்லை, பாக்கியமக்காவும் இல்லை. ஆணிகள் மட்டும் ஒன்றுகூடக் கழலவில்லை. பெருவிரலைப் பத்திரமாகச் செருப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.