நாற்காலியில் பாலம் ஏறிய செல்வி

நேற்று எங்கள் தெருவில் மழைநீர் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் வாசலில் நின்று பைத்தியம் போல முகர்ந்துகொண்டிருந்தேன். அந்த நெடி எனக்குக் கொருக்குப்பேட்டை. தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சந்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சுகாதாரத் தொண்டராகத் திரிந்த காலம்.

தொண்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தண்டையார்பேட்டையில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தோழி ஒரு தொண்டு அமைப்பில் சேர்ந்தாள், நானும் சேர்ந்தேன். அவர்கள் கொடுத்த ஆரஞ்சு மேல்சட்டை எனக்கு எடுப்பாக இருந்ததும் ஒரு காரணம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கலப்பது, உடம்பில் நீர் வற்றினால் கண்டுபிடிப்பது என்று இரண்டு நாள் பயிற்சி. அதை அப்படியே சந்தில் போய் ஒப்பித்தேன். அங்கே துணி தைத்துக்கொண்டிருந்த நூர்ஜகான் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமே, பரீட்சைக்குப் படிச்சிகினு வந்தியா?"

ஒரு மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து சந்து முழுக்க வயிற்றுப்போக்கு. கரைசல் பொட்டலங்களோடு போன என்னை அக்கா கையைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குள் இழுத்துப் போனார். சித்தாள் வேலை பார்க்கும் செல்வி பாயில் சுருண்டு கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன.

"ஒண்ணுமில்லக்கா. நாளைக்கு வேலைக்குப் போவணும்."

எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. அக்காதான் அதட்டினார்.

"நீதான சொன்ன, தோல கிள்ளிப் பாருன்னு. கிள்ளுமே!"

கிள்ளினேன். மடிப்பு அப்படியே நின்றது; உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம்.

கூப்பிட்டதும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நடுவே ஒரு சரக்கு ரயில் அசையாமல் நின்றது. மீன் விற்கும் ஏழுமலை அண்ணன் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டுச் செல்வியை ஏற்றி, கேட்டு வரை மிதித்தார். அங்கே நடைமேம்பாலம். டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து என் துப்பட்டாவால் கட்டி, அண்ணனோடு நாலு பேராகத் தூக்கினார்கள். அக்கா ஸ்பூனால் கரைசலை ஊட்டிக்கொண்டே ஏறினார். டம்ளர் பிடிப்பது என் வேலை.

பாதிப் படியில் செல்வியின் தலை சாய்ந்தது. அண்ணன் நின்றுவிட்டார்.

"மூச்சு கீதா?"

மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு இருந்தது.

"அப்பறம் இன்னாத்துக்கு நிக்கிற? தூக்கு நைனா!" என்றார் அக்கா.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து செல்வி நடந்தே வீடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் திட்டினாள். மேஸ்திரி அவள் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டானாம். பிறகு என் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டவள் வெகுநேரம் விடவில்லை. அந்த நன்றி அக்காவுக்குச் சேர வேண்டியது. நான் மறந்ததை ஞாபகம் வைத்திருந்தவர் அவர்தானே. இன்றைக்கும் மனசுக்குள் அவரைக் கும்பிடுகிறேன்.

அந்தச் சந்து இப்போது இல்லை. வீடுகளை இடித்துவிட்டு, நகரத்தின் தென்கோடியில் அடுக்குமாடி வீடுகள் கொடுத்தார்கள். ஏழுமலை அண்ணன் மட்டும் கடலை விட்டுப் போக மனமில்லாமல் நெட்டுக்குப்பத்தில் தம்பி வீட்டோடு தங்கிவிட்டார். போன மாதம் நூர்ஜகான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வூடு நல்லா கீதுமே. தண்ணி சுத்தமா வருது," என்றார். "செல்விக்கு வேற பிளாக்கு குடுத்துட்டாங்க. செவுத்துக்கு அந்தாண்ட யார் கீறாங்கன்னே தெரில."