மெழுகுதிரி இலவசம், கலண்டருக்குக் காசு

1. ஆற்ற மகள்?

என் முதல் வாடிக்கையாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு எக்செல் தெரியுமா என்பதல்ல. "பிள்ளை ஆற்ற மகள்?", யாருடைய மகள் என்பதுதான்.

மனிதருக்கு ரொறன்ரோவில் கலியாண மண்டபம். இளவயதில் மன்னாரை விட்டுப் போனவர். நான் மன்னாரில், தோட்டவெளிக் கிராமத்தில், என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புதுச்சட்டை போட்டு, தலை இழுத்து, லப்டொப்புக்கு முன்னால் விறைத்துப்போய் இருந்தேன். அப்பாவின் பெயரைச் சொன்னதும் அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அட, சம்மாட்டியாற்ற மகளே! அவற்ற வள்ளத்திலதான் என்ர சித்தப்பா தொழிலுக்குப் போனவர். பிறகென்ன, நீ எங்கட பிள்ளை. என்னை அண்ணன் எண்டே கூப்பிடு."

நானும் பல்லை இளித்துக்கொண்டு "ஓம் அண்ணன்" என்றேன். என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், என்ன கூலி, ஒன்றும் பேசவில்லை. "அதெல்லாம் பாத்துச் செய்வம்" என்றார். பாத்துச் செய்வம் என்கிறவர்கள் பார்ப்பதுமில்லை, செய்வதுமில்லை. வேர்ச்சுவல் அசிஸ்டன்ட், அதாவது வீட்டிலிருந்தே ஒன்லைனில் செய்யும் உதவியாளர் வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகள் இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் வாயில்லாப் பூச்சி இல்லை. அதற்கு முன் நண்டு வாங்கும் கம்பனி ஒன்றின் கந்தோரில் இருந்தவள். கால் முறிந்த நண்டை முழு நண்டென்று தள்ளப் பார்த்த ஆம்பிளைகளை வாசலிலேயே வைத்து உரித்து அனுப்பியிருக்கிறேன். நண்டு நிறுக்கும்போது நண்டின் தகப்பன் பெயரை யாரும் கேட்பதில்லை. கம்பனி மூடுப்பட்டது, நான் ஒன்லைனுக்கு வந்தேன், வந்த அன்றே பூனைக்குட்டியாகிவிட்டேன்.

2. பங்குத்தந்தையின் கடிதம்

என்னை நானே சந்தைப்படுத்திய அழகையும் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வேலைக்கு விண்ணப்பித்தால் பங்குத்தந்தையின் நற்சான்றிதழ் வைப்பது வழக்கம். கிராம சேவகரின் கடிதமும் வைத்தால் இன்னும் விசேஷம். நான் இரண்டையும் ஸ்கான் பண்ணி, ஆங்கிலத்தில் மாற்றி, என் பக்கத்தில் போட்டேன். "நல்லொழுக்கம் உள்ளவர், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர், பாடகர் குழுவில் பாடுபவர்." அதற்குக் கீழே, ரவுனில் போட்டோகொப்பிக் கடைப் பலகையில் இருப்பதுபோல, தெரிந்த வேலை தெரியாத வேலை எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, கடைசியில் "மற்றும் சகல வேலைகளும்" என்று முடித்தேன்.

அவுஸ்திரேலியாவில், பேர்த்தில் ஒரு பல் வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு எழுதினார். நல்ல மனுசி. "நீங்கள் பாடுவது சந்தோஷம். என் கிளினிக்கின் அப்பொயின்ட்மென்ட்களைப் பார்க்க ஒருவர் வேண்டும். உங்களிடம் வேலை வாங்கிய ஒருவரின் கடிதம் இருக்கிறதா?"

என்ர மாதாவே! ஒழுக்கத்துக்குக் கடிதம் இருந்தது, வேலைக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் வேலை வாங்கிய ஒரே ஆள் ரொறன்ரோ அண்ணன். அவரிடம் கேட்டேன்.

"நான் எழுதித் தந்தால் நீ பறந்திடுவாய், பிள்ளை" என்று சிரித்தார். "பொறு, பாப்பம்."

நானும் பொறுத்தேன். வீட்டில் அம்மா வேறு, "இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாத" என்று அரியண்டம். அந்தக் கடிதத்துக்காக நான் செய்த வேலைகள்! மண்டபத்தின் கலண்டர், வாடிக்கையாளர் மெசேஜ், அலங்காரக்காரர், சாப்பாட்டுக்காரர், அதெல்லாம் சரி, அது என் தொழில். பிறகு அவர் மாமியாரின் பிறப்புச் சான்றிதழுக்கு அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். கருவாடு வாங்கிப் பார்சல் கட்டினேன். ஒருநாள் அவர் மகனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்று மடு மாதா கோயிலுக்கு பஸ் ஏறிப்போய் மெழுகுதிரி கொளுத்தினேன். வேர்ச்சுவல் வேலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, அது நான்தான்.

3. ஒரு சனிக்கிழமை, இரண்டு மணவாட்டிகள்

ஒருநாள் காலை கரையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், அண்ணனின் போன். அங்கே முந்தின நாள் இரவு.

"பிள்ளை, மானம் போகப்போகுது. வாற மாசம் ஒரே சனிக்கிழமைக்கு ரெண்டு கலியாணம் எடுத்துப்போட்டன். ரெண்டு பேருக்கும் முழுநாளும் மண்டபம் எண்டு சொல்லிப்போட்டன்."

"கலண்டரில ஒண்டுதானே இருக்கு, அண்ணன்?"

"மற்றது மச்சான் பக்கத்து ஆக்கள். ஒரு பார்ட்டியில கண்டு வாயால குடுத்தது. உனக்குச் சொல்ல மறந்துபோனன்."

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"அதுதான் யோசிச்சு வைச்சிருக்கிறன். பிழை உன்னில எண்டு சொல்லுவம். மன்னாரில இருக்கிற பிள்ளை, கரண்ட் இல்லை, இன்ரநெற் இல்லை, குழம்பிப்போட்டுது எண்டால் சனம் நம்பும். உன்னை ஆர் இஞ்ச இருந்து வந்து ஏசப்போறது? நீ கேட்ட கடிதத்தையும் எழுதித் தாறன். நீ விரும்பின மாதிரி எழுது, நான் கையெழுத்து வைக்கிறன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் வேலை தெரியாதவள் என்று ஊருக்கெல்லாம் சொல்வாராம், அதற்குக் கூலியாக நான் வேலை தெரிந்தவள் என்று கடிதம் தருவாராம். அந்தக் கடிதம் இல்லாமல் பேர்த் வேலை கிடையாது. பேர்த் வேலை இல்லாவிட்டால் நான் காலம் முழுக்க இவருக்குக் கருவாடு கட்ட வேண்டியதுதான். ஆனால் முகம் தெரியாத சனத்துக்கு நடுவில் எனக்கிருந்த ஒரே சொத்து என் பெயர். அதைக் கால் முறிந்த நண்டு விலைக்குக் கேட்கிறார்.

அப்போதுதான் என் பழைய வாய் திரும்பி வந்தது.

"அண்ணன், மடுவில மெழுகுதிரி கொளுத்தினது உறவுக்கு. அது இலவசம், இனியும் கொளுத்துவன். கலண்டருக்குக் காசு. செய்யாத பிழையை ஏற்கிறது நான் விக்கிற சாமானே இல்லை."



"காசெண்டதும் அண்ணன் தங்கச்சி போயிற்றுதோ?"

"அது அப்பிடியே இருக்கட்டும். ரெண்டு வீட்டு நம்பரையும் அனுப்புங்கோ. இந்தச் சிக்கலை நான் தீர்க்கிறன். தீர்த்தால் நாளைக்கு நான் அனுப்பிற விலைக்கு ஓம் எண்டு சொல்லவேணும். தீர்க்காட்டி எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"மண்டைக்கனம் பிடிச்ச பிள்ளை" என்று முணுமுணுத்துக்கொண்டே நம்பர்களை அனுப்பினார்.

மணலிலேயே குந்தியிருந்து இரண்டு வீட்டுக்கும் எடுத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதல் வீட்டுப் பெண்ணின் தாய் என்னை ஏசிய ஏச்சில் பக்கத்தில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அவ ஏசி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அண்ணன் ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"அம்மா, உங்கட முகூர்த்தம் எத்தினை மணிக்கு?"

"காலமை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில. ஏன்?"

மற்ற வீட்டுக்காரர் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். பின்னேரம் கோயிலில் பூசை, இரவுதான் விருந்து. இவ்வளவுதான் விஷயம்! காலைக் கலியாணக்காரர் மத்தியானச் சாப்பாட்டோடு எழும்பினால், மணவறையைக் கழற்றி மேசை போட நேரம் தாராளம். மணவறைக்காரரையும் அப்போதே பிடித்து, கழற்ற இரண்டு ஆட்களைக் கூடுதலாகக் கேட்டேன். மேசைப் பூக்களை அப்படியே விட்டுவிட்டு செலவை இரு வீட்டாரும் பாதியாகப் போடலாம் என்றேன். வேதக்கார மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி மட்டும், "சாமிக்கு வைச்ச பூ இல்லைத்தானே?" என்று கேட்டா. இல்லை, மேசைப் பூ மட்டும்தான் என்று சத்தியம் பண்ணினேன். அவவுக்கும் சரி.

எழும்பிப் பார்த்தால் என் மீன் பையைப் பூனை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்புக்கறி.

4. இரண்டு கடிதங்கள்

மறுநாள் அண்ணனுக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். செய்யும் வேலை மூன்று, வேலை செய்யும் நேரம், மாதக் கட்டணம். வாயால் கொடுக்கும் நாள் எதுவும் கலண்டரில் ஏறாமல் செல்லாது. கீழே ஒரு வரி: "மெழுகுதிரி இலவசம்." மூன்றாம் நாள் "சரி மடம்" என்று ஆங்கில மரியாதையோடு வந்தது. குத்தல்தான், பரவாயில்லை, மடத்துக்குக் காசும் வந்தது.

இரண்டு கலியாணமும் ஒரு குறையுமில்லாமல் முடிந்தன. அதற்குப் பிறகு அண்ணன் தானாகவே அந்தக் கடிதத்தை அனுப்பினார். ஆசையோடு திறந்தேன். "நல்ல குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் பேர்போன சம்மாட்டி. வாய் கொஞ்சம் காரம்." கோதாரி, பங்குத்தந்தையாவது நான் பாடுவேன் என்று எழுதியிருந்தார்! நான் செய்த வேலை பற்றி ஒரு சொல் இல்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதே கிழமை இன்னொரு கடிதம் வந்தது, நான் கேட்காமலே. என்னை ஏசிய அந்தத் தாய் எழுதியது. "மண்டபத்தில் பிழை நடந்தது. இந்தப் பெண் அதை எங்களிடம் மறைக்கவில்லை. ஒரே இரவில் இரண்டு குடும்பத்தின் கலியாணத்தையும் ஒழுங்குபடுத்தினா. சொன்ன நேரத்துக்குச் சொன்னது நடந்தது." என் அப்பா யாரென்று அவவுக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கடிதத்தைப் பேர்த்துக்கு அனுப்பினேன், பல் வைத்தியர் அடுத்த நாளே வேலை தந்தா. நற்சான்றிதழ்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இப்போது என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: உங்களை நல்ல பிள்ளை என்கிறவன் உங்கள் வேலைக்கு இன்னும் விலை சொல்லவில்லை.

போன கிழமையும் ஒருவர் லண்டனிலிருந்து எடுத்தார். புடவைக்கடையாம், ஒன்லைன் ஓடர்களைப் பார்க்க ஆள் வேண்டுமாம். குரலில் தேன் ஒழுகியது.

"மன்னாரோ? எங்கட பக்கம்! பிள்ளை ஆற்ற மகள்?"

"முதல்ல வேலையைச் சொல்லுங்கோ, ஐயா" என்றேன். "பிறகு நான் விலையைச் சொல்லுறன். ரெண்டும் சரிவந்தால் அப்பாவின்ர பேரைச் சொல்லுறன்."