முன் இருக்கையில் பேட்டரி

காலை ஏழு பத்துக்கு முதலில் கண்ணில் பட்டவர், தோட்டத்து முச்சந்தியில் குடையில்லாமல் மழையில் நின்ற, தோட்டக் கணக்கும் லோரியும் பார்த்துவந்த பழைய கிராணி. அப்பாவின் நாலு சக்கர மின்சார ஸ்கூட்டரைக் கழற்றி, என் சின்னக் காரின் பின்பக்கத்தில் அடுக்கி, பழுதுபார்க்க தானா ராத்தா டவுனுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். பல வருடங்களுக்கு முன், தேயிலைச் சரிவில் பாறை உருண்டு அப்பாவின் கால் நசுங்கியபோது, ஆஸ்பத்திரிக்குப் போக இவரிடம்தான் லோரி கேட்டோம்.

"கொழுந்து ஏத்துற லோரி இது, ஆள் ஏத்துறதுக்கு இல்ல" என்றார். நாங்கள் போய்ச் சேரத் தாமதமானதில் அப்பாவின் காலை எடுத்துவிட்டார்கள்.

காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"தம்பி, டவுன் வரைக்கும் வரவா? சீட்டு சும்மாதானே இருக்கு."

"ஸ்கூட்டர் ஏத்துற கார் இது, கிராணி. ஆள் ஏத்துறதுக்கு இல்ல லா."

இறங்கிப் பின்னாலிருந்த பேட்டரியை எடுத்து வந்து, முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன்.

அடுத்த பஸ் ஒன்பதரைக்கு.