பத்தொன்பது தூசிப் பொட்டலங்கள்

பள்ளிக்கூடத்தை இரண்டே நாள் பார்த்துவிட்டு, மூன்று கம்பெனி லாரி எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கக் கற்றான். பதினாறு வயதில் ஜாக்கி சரிந்து வலக்கை நசுங்கியது. இனி இரண்டு விரல் மடங்காது என்று சொன்ன டாக்டரின் காருக்கே பின்னாளில் அந்தக் கையால் கிளட்ச் மாற்றினான். பெண் கொடுக்க யோசித்த மாமனாரை, எட்டு வருடமாகத் தூங்கிய அவருடைய தண்ணீர் பம்பை ஓடவைத்துச் சம்மதிக்க வைத்தான். நாற்பத்தொரு வயதில், வரைபடத்தில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாமல், மகளுக்காக ஒரு மாநிலத்தையே தேர்ந்தெடுத்தான்.

தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் அக்கா இந்த வரிசையில்தான் சொல்வாள். நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மருத்துவமனைச் சலவை அறையில் போர்வைகளை எண்ணி வாங்குகிறவள் அவள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்புதான். ஆனால் அவள் நோட்டில் இதுவரை ஒரு தலையணை உறை தவறியதில்லை.

அந்த மாநில விஷயம் மார்ச் மாதம் ஆரம்பித்தது. ஊரைச் சுற்றி நாலு பக்கமும் கல் உடைக்கும் மில்கள். காலையில் துடைத்த ஜன்னலில் மதியம் பெயர் எழுதலாம். தம்பி மகளுக்கு ஏழு வயது. அந்தக் குளிர்காலத்தில் பதினொரு முறை அவளுக்கு மூச்சு இழுத்தது. பதினோராவது முறை உதடு நீலமாகிவிட்டது.

"மருந்து பாதி, காத்து பாதி," என்றார் டாக்டர். "பாதியை நான் தர்றேன். மீதியை நீங்கதான் தேடணும். அடுத்த குளிருக்கு இவ இங்க இருக்கக் கூடாது."

எங்கே போவது? அவர்கள் மாநிலம் முழுக்கவே பாறையும் மில்லும்தான். வேறு மாநிலம் போக வேண்டும். எது நல்லது என்று லாரி டிரைவர்களைக் கேட்டால், ஒவ்வொருவரும் தன் ஊர்க் காற்றைப் பாட்டில் போட்டு விற்பவர்போல் பேசினார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

தம்பி பேச்சைக் கேட்பதை நிறுத்தினான். அவன் வேலையே லாரிகளின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுவது. டிரைவர்கள் அவனை 'ஃபில்டரு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு லாரி எந்தக் காற்றைக் குடித்ததோ, அதன் கசடு முழுக்க அந்தக் காகித மடிப்புகளில் இருக்கும். வெள்ளைத் தாளை விரித்து ஃபில்டரைப் பன்னிரண்டு தட்டு தட்டுவான். விழுந்ததைப் பொட்டலம் கட்டி மாலையில் அக்காவிடம் கொடுப்பான். எந்த மாநிலத்தில் ஓடிய வண்டி, துடைத்து எத்தனை நாள் என்று அவன் சொல்ல, அக்கா பொட்டலத்தின் மேல் எழுதுவாள். இதற்கென்றே போட்ட ஒரு நோட்டிலும் ஏற்றுவாள்; அதன் அட்டையில் அவன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தாள்.

"காத்து சுத்தமா இருக்கிற ஊர்ல உனக்கு என்னடா வேலை இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள். "மீன் இல்லாத குளத்தைத் தேடிப் போற கொக்கு உன்னைத் தவிர எதுவும் இல்ல."

"கிளட்ச் எல்லா ஊர்லயும் தேயும்க்கா."

மே மாதக் கடைசியில் பத்தொன்பது பொட்டலம் சேர்ந்தது. ஒன்றில் கரி, ஒன்றில் செம்மண், ஒன்றில் சிமெண்ட் சாம்பல். பதினேழாவதில் மட்டும் ஒரு சிட்டிகைகூட இல்லை. அது ஒரு மீசைக்கார டிரைவரின் வண்டி. மாதத்தில் ஒரே நடைதான் இங்கே வரும். மற்ற நாளெல்லாம் தன் மாநிலத்துக்குள்ளேயே ஓடும். ஃபில்டரைத் தொட்டுப் பதினைந்து நாள் ஆயிற்று என்று அவர் சொன்னதை அக்காவே எழுதியிருந்தாள்.

முடிவு செய்தாகிவிட்டது. அந்த மாநிலத்து லாரி ஷெட் ஒன்றில் வேலை பேசினான். அந்த ஷெட்டின் மேனேஜர் திங்கட்கிழமை ஒப்பந்தத்தோடு வருவதாகச் சொன்னார். பாப்பாவின் பள்ளிச் சான்றிதழ் வாங்கியாயிற்று. வீட்டுக்கு வேறு ஆள் குடிவர நாள் குறித்தாயிற்று. தம்பி மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டு, ஒரே சட்டியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அக்கா சாப்பாடு எடுத்துக்கொண்டு தம்பி வேலை செய்யும் ஷெட்டுக்குப் போனபோது மீசைக்காரரின் லாரி உள்ளே நின்றது. அவர் இறங்காமல், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபில்டரு, நீ நிஜமாவே குடும்பத்தோட கிளம்புறியா?"

"ஆமாண்ணே. உங்க ஊருக்குத்தான்."

"குழந்தைக்கு மூச்சுக்காகவாமே. இப்பதான் கேட் வாசல்ல சொன்னாங்க." அவர் இறங்கி வந்தார். "அன்னைக்கு நீ தட்டிப் பார்த்த ஃபில்டர், முந்தின நாள் பெட்ரோல் பங்க்ல காத்து அடிச்சு ஊதினதுப்பா."

தம்பி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பதினஞ்சு நாளா தொடலைன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். நீ ஊர் ஊரா தூசி சேர்க்கிறேன்னு லைன் முழுக்க பேச்சு. ஏதோ பந்தயம்னு நினைச்சேன். விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்க மாட்டோமா? எங்க ஊரு தோத்துடக் கூடாதுன்னு பண்ணிட்டேன்."

பதினைந்து என்று எழுதியது அக்காவின் கை. அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் தப்புக் கணக்கு, பாப்பாவின் மூச்சில் வந்து நின்றது.

"வேணாம்டா," என்றாள். "மேனேஜருக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. வீட்டு ஓனர் கால்ல நான் விழறேன்."

"சும்மா இரு அக்கா."

"தெரியாத ஊர்ல போய் அவளுக்கு இழுத்தா, ராத்திரி ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்னுகூட உனக்குத் தெரியாது. போர்டு படிக்கத் தெரியுமா உனக்கு?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. தம்பி மீசைக்காரரைத் திட்டவில்லை. லாரியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஸ்பேனரை எடுத்தான்.

"பெருக்குறவன் கூடத்தைப் பெருக்குவான். பரணைப் பெருக்கியிருக்க மாட்டான்," என்றான்.

கேபினுக்குப் பின்னால் ஏறினான். வெளிக்காற்றை ஃபில்டருக்கு இழுத்துவரும் குழாய் அங்கே ஒரு வளைவில் திரும்புகிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் திறப்பதில்லை. போல்ட் துரு பிடித்து அசைய மறுத்தது. மடங்காத இரண்டு விரல்களையும் நெம்புகோல்போல் கொடுத்து முறுக்கினான். மூன்றாவது முறை கிரீச்சென்று விட்டது. அக்கா சாப்பாட்டுத் தூக்கில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். அதை விரலில் சுற்றிக் குழாயின் வளைவுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான்.

மீசைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அக்கா பார்க்காமலிருக்க முடியாமல் பார்த்தாள்.

துணி வெள்ளையாக வரவில்லை. வெளிர்ப் பழுப்பாக வந்தது. ஓரத்தில் ஒரு தும்பியின் இறக்கை, கண்ணாடித் துண்டுபோல ஒட்டியிருந்தது.

தம்பி பக்கத்தில் நின்ற உள்ளூர் டிப்பருக்குப் போனான். அதன் குழாயையும் கழற்றித் துணியின் மறுமுனையால் துடைத்தான். அந்த முனை சாம்பல் சேறாய் வந்தது. உதறினால் கீழே விழுந்தது.

"உங்க வண்டி எத்தனை வருஷம்ணே?"

"ஆறு."

"இந்த டிப்பருக்கு ரெண்டு." துணியின் இரண்டு முனைகளையும் அக்காவுக்கு நேராகப் பிடித்தான். "அண்ணன் சொன்ன அளவுக்கு சுத்தம் இல்ல. ஆனா ஆறு வருஷத்துக்கு இவ்வளவுதான். நீ என்னக்கா சொல்றே?"

அவன் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுவே முதல் தடவை. அக்கா துணியை வாங்கி, வெளிச்சத்தில் நீட்டி, சலவை அறையில் கறை பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு தண்ணியில போயிடும்," என்றாள் கடைசியில். "அந்தப் பக்கம் எத்தனை தண்ணியிலயும் போகாது. கிளம்பு."

"கேட்டீங்களாண்ணே? எங்கக்கா சொன்னா கோர்ட்டு சொன்ன மாதிரி."

பதினேழாவது பொட்டலத்தில் 'பதினைந்து' என்பதை அடித்துவிட்டு, 'ஒன்று' என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தையும் போட்டாள். தப்பைத் திருத்தினால் அப்படிச் செய்வதுதான் முறை.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். ஷெட் மேசையில் ஒப்பந்தத்தை விரித்து, யாரோ சொல்லியிருக்க வேண்டும், கைநாட்டுக்கு மை டப்பாவையும் திறந்து வைத்தார். தம்பி அதை மூடி அவர் பக்கமே தள்ளினான்.

"பேனா இருக்கா சார்?"

அக்கா திடுக்கிட்டாள். தம்பி குனிந்து, மடங்காத விரல்களுக்கு இடையில் பேனாவைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். முதல் எழுத்து கோட்டுக்கு மேலே போயிற்று. கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிற்று. எல்லா எழுத்தும் இருந்தன. அது அவள் எழுத்தேதான். நோட்டு அட்டையில் அவள் எழுதியிருந்த அவன் பெயர், அதே சுழி, அதே சாய்வு.

"எப்படா கத்துக்கிட்டே?"

"லாரிக் கண்ணாடித் தூசியில போட்டுப் பார்ப்பேன்," என்றான். "ரப்பர் தேவையில்ல. ஒரு தண்ணி விட்டா போயிடும்."

புது ஊரில் வந்த முதல் குளிர்காலத்தில் பாப்பாவுக்கு இரண்டு முறைதான் இழுத்தது. இரண்டு முறையும் வீட்டிலேயே சரியாயிற்று. தம்பி போனில் சொன்ன தேதிகளை அக்கா அதே நோட்டில் குறித்து வைத்தாள். அந்தப் பக்கத்தின் முதல் வரி மட்டும் அதற்கு முன்பே எழுதியது. தம்பி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்துப் போட்டது: 2014 ஜூன் 9, திங்கட்கிழமை.