கூப்பிட்ட பேர்

குமுதவல்லியின் வேனில் முன்பெல்லாம் பிள்ளைகள் ஏறியதில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உரம் போடும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மதியம் திரும்ப ஏற்றி வருவதுதான் அவள் பிழைப்பு. ஏழாங்கட்டைத் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்று, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளை இடித்துத் தள்ளியபோது அந்தப் பிழைப்பு திசை மாறியது. நாற்பது குடும்பங்கள் மந்தின் ஊர்ப்பக்கத்து அடுக்குமாடிகளுக்கும் தகரக் கொட்டகைகளுக்கும் சிதறிப்போயின. பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அங்கே போக பஸ் கிடையாது. இரண்டு மாதமாகப் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்த்தார்கள்.

குமுதவல்லிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவினாள். மறுநாள் பதினொரு பிள்ளைகளை ஏற்றினாள்.

"மூக்கப் பொத்திக்கிட்டு உக்காருங்க. உர வாசன போக ஒரு மாசமாவும் லா" என்றாள்.

வாசனை ஒரு வருடமாகியும் போகவில்லை. அதற்குள் பிள்ளைகள் மூன்று நடை ஏற்றும் அளவுக்குப் பெருகிவிட்டார்கள். பிறகு சாயங்காலப் பாடம் வந்தது. மாதா கோயிலில் பாடும் ஜோசலின், ஆபீஸ் வேலையில் ஓய்வு பெற்றவள், மலாயில் கடிதம் எழுதிக்கொடுக்க வந்து அங்கேயே தங்கிவிட்டாள். அம்பாங்கான் டவுனில் ஒரு கடைக்கு மேல் ஒரு அறை கிடைத்தது. வேறு தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் துணி மூட்டையோடு அந்தப் படியேறினார்கள். பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பின் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். சங்கமாகப் பதிந்தபோது பலகையில் நாலு முழ நீளத்துக்கு ஒரு பெயர் எழுதினார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வந்ததில்லை. எல்லாருக்கும் அது 'வேன்காரம்மா ஆபீஸ்'.

அந்த ஆபீசில் குமுதவல்லி பல பேருக்குப் பிறப்புப் பத்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஒருத்திக்கு மட்டும் முடியவில்லை. அவள் வளர்த்த பிள்ளை லோகேஸ்வரிக்கு.

லோகேஸ்வரி பிறந்தது லயன் வீட்டில். அன்று பெருமழை, தோட்டத்துப் பாலம் முங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல், பக்கத்து வீட்டுக் குமுதவல்லியின் கையில்தான் பிள்ளை விழுந்தது. அப்பன் சன்னாசி நாளைக்கு நாளைக்கு என்று பதியாமலே விட்டான். ஆறு வருடம் கழித்து லயன் இடிந்தது. அடுத்த வருடமே தகரக் கொட்டகையில் டெங்கிக் காய்ச்சல் வந்து தாய் செல்லம் போய்ச் சேர்ந்தாள். சன்னாசி பிள்ளையைக் குமுதவல்லியிடம் விட்டுவிட்டு, பகாங் பக்கம் செம்பனைக் குலை வெட்டப் போனவன், ஆளே தெரியாமல் போனான்.

ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியர் கண்டும் காணாமல் சேர்த்துக்கொண்டார். இடைநிலைப் பள்ளி, பதிவு நடக்கிறது என்று சங்கம் கொடுத்த கடிதத்தின்பேரில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஐந்தாம் படிவத் தேர்வுக்கு அடையாள அட்டை எண் வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். அதற்கு, பிள்ளை பிறந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் சத்தியம் செய்து எழுதிக்கொடுக்க வேண்டும். லோகேஸ்வரிக்குப் பதினான்கு வயது ஆனபோது குமுதவல்லி எழுதிக்கொடுக்க உட்கார்ந்தாள்.

ஜோசலின் பேனாவை நிறுத்திக் கேட்டாள்: "தாயோட பேரு செல்லம்தானா? அடையாளக் கார்டுலயும் அப்படித்தான் இருக்கா?"

"என்ன கேள்வி இது? இந்தப் புள்ள விழுந்ததே என் கையிலதான். ரப்பர் இருந்த காலத்துல இருவது வருசம் ஒரே நெறையில பால்மரம் வெட்டுனோம், ஒரே வாளித் தண்ணிய மோந்து குடிச்சோம். அவ பேரு எனக்குத் தெரியாதா?"

"அப்பன் கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவன எங்கன்னு தேடுறது? எழுதுங்க ஜோசலின். செல்லம்."

ஜோசலின் எழுதினாள். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் குமுதவல்லி கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது.

ஒரு வருடம் ஓடியது. செல்லம் என்ற பெயரில், அந்தத் தோட்டத்து முகவரியில், யாருமே பதிவில் இல்லை என்று பதில் வந்தது. அதே மாதம், கால் வீங்கி வேலை போன சன்னாசி ஆபீஸ் படியேறி வந்தான். மகளைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். "அவ செத்ததுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது. புள்ளைக்கு ஒதவுமான்னு பாருக்கா."

ஜோசலின் வாசித்தாள். இறந்தவர் பெயர் வள்ளிநாயகி.

"யாருடா இது வள்ளிநாயகி?" என்றாள் குமுதவல்லி.

"அவதாங்க்கா. செல்லம்."

"நீ ஒருக்காகூட அப்படிக் கூப்பிட்டதில்லையேடா!"

"நான் மட்டுமா? நீ கூப்பிட்டியா? அனாதப் புள்ளன்னு, புள்ளைங்கள வச்சுப் பாக்குற ஆயாக்கொட்டாய்ல செல்லம் செல்லம்னு கூப்பிட்டாங்க, அதுவே நெலச்சுப் போச்சு. கார்டப் பார்த்துப் பேரு கேட்ட ஆளு தோட்டத்துல யாரு இருந்தா?"

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"யாருக்கா கேட்டா?"



பதிவிலாகாவில் அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடுமையான மனிதர் இல்லை, களைத்த மனிதர். எது உண்மை என்று கேட்டார். "டுவா டுவா சாமா ஓராங், துவான்" என்று தோட்டத்து மலாயில் குமுதவல்லி கெஞ்சினாள். இரண்டும் ஒரே ஆள்தான் ஐயா என்று அர்த்தம். அப்படியானால் சத்தியம் செய்து எழுதியது பொய்யா என்று அவர் கேட்டார். ஒரே பிள்ளைக்கு இரண்டு தாய் பெயர் இருந்தால், பிள்ளை வேறொருத்தியுடையது என்றுதானே மேலிடம் நினைக்கும்? கோயிலில் கட்டிய தாலிக்குத் தாள் இல்லாததால் அப்பனின் பெயரால் பிள்ளைக்குக் குடியுரிமை வராது. தாயின் இரத்த உறவு யாராவது வந்து பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவளுக்கு உறவென்று யார் இருக்கிறார்கள்? அவள் சாம்பலையும் லிங்கி ஆற்றில் கரைத்தாகிவிட்டது.

மேல்முறையீடு, விளக்கக் கடிதம், தோட்டத்துப் பழைய ஆட்கள் ஆறு பேரின் கையெழுத்து. ஜோசலின் எழுதிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் படிவம் வரும்வரை ஒவ்வொரு மாதமும் குமுதவல்லி பதிவிலாகா சன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். இன்னும் இல்லை, இன்னும் இல்லை. லோகேஸ்வரியின் வகுப்பாசிரியை தேர்வு எழுதுவோர் பட்டியலை அனுப்பாமல் மூன்று நாள் தன் மேசையிலேயே வைத்திருந்தார். நான்காம் நாள் லோகேஸ்வரி பெயர் இல்லாமல் பட்டியல் போனது.

அன்று பிள்ளை அழவில்லை. குமுதவல்லிதான் சமையல்கட்டில் நின்று, "என் வாயாலதானே, என் வாயாலதானே" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். லோகேஸ்வரி வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இப்போது ஆபீசில் யார் வந்து உட்கார்ந்தாலும் குமுதவல்லி கேட்கிற முதல் கேள்வி, "இது கூப்பிடற பேரா, கார்டு பேரா?" வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை. கார்டை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்ப்பாள்.

தேர்வு தொடங்கிய காலையும் வேன் வழக்கம்போலப் புறப்பட்டது. மந்தினில் நான்கு பேர் வெள்ளைச் சட்டையோடு, பேனாவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். முன்சீட்டில் லோகேஸ்வரி இருந்தாள். செண்டாயான் தொழிற்சாலைகளில் அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அதனால் மந்தின் சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவும் வேலை. அன்றுதான் முதல் நாள். கடை வாசலில் வேன் நின்றது.

"நேத்து வந்தப்ப கடைக்காரரு பேரு கேட்டாரு பெரியம்மா."

"என்ன சொன்ன?"

"செல்லம்னு சொன்னேன்."

குமுதவல்லி அவள் பக்கம் திரும்பினாள்.

"அதுக்குமேல கார்டு கீர்டுன்னு அவரு எதுவும் கேக்கல" என்று லோகேஸ்வரி கதவைத் திறந்து இறங்கினாள்.

பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "பெரியம்மா, எட்டு மணிக்கு ஹால் கதவ சாத்திடுவாங்க" என்றது. குமுதவல்லி கியரைப் போட்டாள்.